பிள்ளையைக் கிள்ளும் மாத்திரை, தொட்டிலை ஆட்டும் மாத்திரை

வயதான ஒருவரின் மருந்துச் சீட்டில் டோனெபெசில் என்று ஒரு பெயரும், நாலைந்து வரி தள்ளி ஆக்சிபியூட்டினின் என்றோ சோலிஃபெனசின் என்றோ இன்னொரு பெயரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது மறதி நோய்க்கு, நரம்பியல் மருத்துவர் எழுதியது. இரண்டாவது சிறுநீரை அடக்க முடியாமல் உடையிலேயே போய்விடுவதற்கு, வேறொரு மருத்துவர் எழுதியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அந்தந்தத் தொந்தரவுக்குச் சரியான மருந்துகள்தான். ஆனால் உடம்புக்குள் போனதும் ஒன்றுக்கொன்று எதிர்வேலை செய்கின்றன. எந்தப் பொருளைக் கூட்டுவதற்காக முதல் மாத்திரை கொடுக்கப்படுகிறதோ, அதே பொருளின் வேலையைத் தடுப்பதற்காகத்தான் இரண்டாவது கொடுக்கப்படுகிறது.

இதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. இரண்டாவது மாத்திரைக்குத் தேவை வந்ததே முதல் மாத்திரையால்தானோ?

அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். ஒரு நரம்பு தன் செய்தியை அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சொல்ல விரும்பும்போது இதைச் சிறு அளவில் உமிழ்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக்கொண்டு இதைக் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. அப்படியானால் நரம்பிலிருந்து ஏதோ ஒரு ரசாயனம் கசிந்திருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். சோதனைக்கான யோசனை தூக்கத்தில் வந்ததென்றும், பாதி ராத்திரியில் எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றும் அவர் பிற்பாடு சொன்னார். மருத்துவம் படித்தவர்களின் கையெழுத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது!

உமிழப்பட்ட அசிட்டைல்கோலின் அங்கேயே தங்கிவிட்டால் செய்தி ஓயாது. அதனால் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஊமத்தங்காயைத் தின்றுவிட்ட குழந்தைக்கு வாய் உலர்ந்திருக்கும், கண்மணி விரிந்திருக்கும், சம்பந்தமில்லாமல் பிதற்றும், சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும். ஊமத்தையில் உள்ள ஸ்கோபோலமின், அட்ரோபின் போன்றவை அசிட்டைல்கோலினின் வாசலை அடைத்துவிடுவதால் வரும் கோலம் இது. மறுபக்கம், வயலுக்கு மருந்தடிக்கும்போது ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டவர். அந்த மருந்து கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குகிறது. வாயில் எச்சில் வழியும், கண்ணில் நீர் கொட்டும், சிறுநீரும் மலமும் தம்மையறியாமல் போகும். அவருக்குக் கொடுக்கும் மாற்று மருந்து அட்ரோபின், அதாவது ஊமத்தையில் இருக்கும் அதே பொருள்.

மறதி நோய்க்கான டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்றும் முடக்குவது இதே கோலினெஸ்டரேஸைத்தான். பயப்பட வேண்டாம். பூச்சிமருந்தின் முரட்டுத்தனம் இவற்றுக்குக் கிடையாது. அளவு மிகக் குறைவு, நொதியோடு இவை பிணைவதும் நிரந்தரமானதல்ல, பெரும்பங்கு வேலை மூளையில் நடக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆனாலும் வழி ஒன்றுதான். சிறுநீர்ப் பையில் நடக்கப்போவதைப் புரிந்துகொள்ள இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறதிக்கும் அசிட்டைல்கோலினுக்கும் முடிச்சு விழுந்ததும் ஊமத்தைச் சரக்கால்தான். 1974இல் டேவிட் டிராக்மேனும் ஜேனட் லெவிட்டும் நல்ல நினைவாற்றல் உள்ள இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களின் நினைவாற்றல் தற்காலிகமாக முதியவர்களுடையதைப் போல ஆனது. இரண்டாண்டு கழித்து அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. குறைந்திருப்பதைக் கூட்டுவோம், அல்லது இருப்பதைச் சிதையாமல் காப்போம் என்ற யோசனையில் பிறந்தவைதான் இந்த மருந்துகள். ஜப்பானின் எய்சாய் நிறுவனம் உருவாக்கிய டோனெபெசிலுக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயைக் குணப்படுத்தும் சக்தி எதற்கும் இல்லை. 70 புள்ளி கொண்ட அறிவாற்றல் தேர்வில் ஆறு மாதத்தில் சராசரியாக 2 முதல் 3 புள்ளி அளவுக்கு நன்மை. சிலருக்கு அது வீட்டாரின் பெயரை இன்னும் சில காலம் சொல்லும் அளவுக்குப் பெரிது, பலருக்குக் கண்ணுக்கே தெரியாது.

இனி இடுப்புக்குக் கீழே வருவோம். சிறுநீர்ப் பை நிறைந்துகொண்டிருக்கும்போது அதன் சுவர்த் தசை தளர்ந்திருக்க வேண்டும், வாய் இறுகியிருக்க வேண்டும். வெளியேற்றும் நேரம் வந்ததும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் அசிட்டைல்கோலினை உமிழ்கின்றன. தசையில் உள்ள எம்3 என்ற ஏற்பி அதைப் பெற்றுக்கொள்ள, பை சுருங்குகிறது. ‘இப்போது வேண்டாம், பஸ் நின்றதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இதையெல்லாம் அடக்கி வைத்திருப்பது மூளையின் முன்பகுதி. மறதி நோயில் அந்த மேலதிகாரமே தளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் அசிட்டைல்கோலினைத் தேங்க வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால், பை கொஞ்சம் நிறைந்ததுமே முறுக்கிக்கொண்டு சுருங்க வாய்ப்புண்டு. அடக்குகிற கை தளர்ந்திருக்கிறது, உந்துகிற கை வலுத்திருக்கிறது.

சிறுநீர்ப் பையை அமைதிப்படுத்தத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் வகையறா இந்த இடத்தில்தான் வருகின்றன. அவை அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை அடைப்பவை, செய்கையில் ஊமத்தையின் தூரத்து உறவுகள். சிறுநீர்ப் பையோடு நின்றுவிட்டால் தொல்லை இல்லை. ஏற்கெனவே அசிட்டைல்கோலின் வற்றிப்போன மூளைக்குள்ளும் இவற்றில் சில நுழைகின்றன.

மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று நீளும் இந்தத் தொடரைக் கனடாவைச் சேர்ந்த முதியோர் மருத்துவ நிபுணர் பாலா ரோச்சனும் அமெரிக்காவின் ஜெரி கர்விட்ஸும் 1990களில் விளக்கி எழுதினார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் ஊரில் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். ஒரு வேற்றுமை உண்டு. பழமொழியில் வருபவர் தெரிந்தே செய்கிறார். இங்கே கிள்ளியவர் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார், ஆட்டுபவர் வேறொரு மருத்துவமனையில். இருவருக்கும் அறிமுகமே இல்லை. பிள்ளைக்கோ, என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது.

டோனெபெசில் தொடங்கிய பிறகு சிலருக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு போய்விடுவதை 2000இல் ஜப்பானிய மருத்துவர்கள் லான்செட் இதழில் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் சில நோயாளிகளை வைத்து இதை நிறுவ முடியாது. மறதி நோயே சிறுநீர்க் கட்டுப்பாட்டைக் குலைக்கும் நோய். மாத்திரை தொடங்கிய ஒருவருக்கு மூன்று மாதத்தில் இந்தத் தொல்லை வந்தால், அது நோய் முற்றியதாலா, மாத்திரையாலா என்று எப்படிச் சொல்வது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கானவர்களை, மாத்திரை சாப்பிடுபவர்கள், சாப்பிடாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதற்கு வாகான இடம். அங்கே 65 வயது கடந்தவர்களுக்கு மருந்துச் செலவை அரசுத் திட்டம் ஏற்கிறது. அதனால் எந்த முதியவர் எந்தத் தேதியில் எந்த மருந்தை வாங்கினார் என்பது அநேகமாக முழுவதும் பதிவில் இருக்கும். சுதீப் கில், ரோச்சன் முதலியோர் அடங்கிய குழு 1999 ஜூன் முதல் 2002 மார்ச் வரையிலான பதிவுகளை எடுத்தது. மறதி நோயுள்ள 44,884 முதியவர்கள். அவர்களில் 20,491 பேர் கோலினெஸ்டரேஸைத் தடுக்கும் மருந்து சாப்பிட்டவர்கள், மற்ற 24,393 பேர் சாப்பிடாதவர்கள். இந்த இரண்டு பிரிவிலும் எத்தனை பேருக்குப் பின்னால் சிறுநீர்ப் பை மருந்து எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி.

2005இல் விடை வெளியானது. மறதி மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதம், சாப்பிடாதவர்களில் 3.1 சதவீதம். வயது, பிற நோய்கள் ஆகிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபின், சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர்ப் பை மருந்து எழுதப்படும் வாய்ப்பு 1.55 மடங்கு.

இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘55 சதவீதம் அதிகம்’ என்று தலைப்பிட்டால் பதைபதைப்பாக இருக்கும். நேரடி வித்தியாசத்தைப் பார்த்தால் 100 பேருக்கு ஒன்றரை பேர்கூட இல்லை. பெரும்பாலானோருக்கு இந்தத் தொல்லை வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மறதி மருந்து வாங்குகிற குடும்பங்கள் அடிக்கடி மருத்துவரிடம் போகிற குடும்பங்களாகவும் இருக்கலாம், அதனால் சிறுநீர்த் தொல்லையும் காதில் விழுந்து மருந்து எழுதப்பட்டிருக்கலாம். இவையெல்லாம் எண்ணைக் குறைக்கும் பக்கம். கூட்டும் பக்கமும் ஒன்று உண்டு, எனக்கு அதுவே கூடுதல் கவலை தருகிறது. ஆய்வில் எண்ணப்பட்டது சிறுநீர்த் தொல்லை அல்ல, அதற்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாதவர்கள், ‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டுவிட்டவர்கள், டயப்பர் வாங்கிச் சமாளித்தவர்கள் யாருமே அந்த 4.5இல் வரமாட்டார்கள்.

சரி, இரண்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும்? அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 3,536 பேரைக் கேசி சிங்க் தலைமையிலான குழு ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. எல்லோரும் மறதி மருந்து சாப்பிடுபவர்கள். பத்தில் ஒருவருக்குச் சிறுநீர்ப் பை மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் ஓரளவு தன் வேலைகளைத் தானே செய்துகொண்டிருந்தவர்களிடம் வித்தியாசம் தெரிந்தது. உடுத்துவது, சாப்பிடுவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாடத் திறன்கள், இரண்டு மருந்தும் சாப்பிட்டவர்களுக்கு 50 சதவீதம் வேகமாகக் குறைந்தன. நினைவாற்றல் அளவீட்டில் வித்தியாசம் தென்படவில்லை. இல்லங்களில் பயன்படும் அந்த அளவுகோல் நுண்ணிய மாற்றத்தைப் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையானதல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. மறதி நோயுள்ள 50 பெண்களில் ஒரு பிரிவினருக்குக் குறைந்த அளவு ஆக்சிபியூட்டினினை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் மனக்குழப்பம் எதுவும் ஏற்படவில்லை. நான்கு வாரம் சிறிய காலம். வீடுகளில் இந்த மாத்திரைகள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன.

சிறுநீர்ப் பை மருந்துகள் எல்லாம் ஒரே ரகமல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூளைக்குள் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ரத்தக் குழாய்ச் சுவரிலேயே ஒரு காவல் இருக்கிறது. ஆக்சிபியூட்டினின் சிறிய மூலக்கூறு, கொழுப்பில் எளிதில் கரைவது; காவலைத் தாண்டி உள்ளே போய்விடும். டிரோஸ்பியம் என்ற மருந்தில் நிரந்தரமான மின்னூட்டம் இருப்பதால் அதற்கு நுழைவு மிகக் கடினம். டாரிஃபெனசின் பெரும்பாலும் எம்3 ஏற்பியை மட்டும் அடைக்கிறது. நினைவாற்றலுக்கு முக்கியமான எம்1ஐ அதிகம் தொடுவதில்லை. இவை எதுவும் வேண்டாம் என்றால் மிராபெக்ரான் இருக்கிறது. அது அசிட்டைல்கோலின் வழிக்கே போவதில்லை. பீட்டா-3 என்ற வேறோர் ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துகிறது. ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது, அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். விலை கூடுதல் என்பதும் நம் குடும்பங்களில் ஒரு காரணம்தான்.

மறதி நோய் இல்லாதவர்களும் இந்தப் பேச்சுக்கு வெளியே இல்லை. 2019இல் பிரிட்டனில் மறதி நோயாளிகள் 58,769 பேரையும், ஒப்பீட்டுக்கு நோயில்லாத 2,25,574 பேரையும் எடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளில் அவர்கள் சாப்பிட்ட மருந்துகளைப் பார்த்தார்கள். சிறுநீர்ப் பை மருந்தை நீண்ட காலம், அதிக அளவில் சாப்பிட்டவர்களிடம் பிற்காலத்தில் மறதி நோய் 65 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. நோய் வெளியே தெரியுமுன்பே சிறுநீர்த் தொல்லை தொடங்கியிருக்கவும் கூடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு டோனெபெசிலை நாளைக் காலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று யாராவது நினைத்தால், அது கூடாது. 2012இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், நோய் நடுத்தர நிலையிலிருந்து கடும் நிலை வரை இருந்த 295 பேரில் மருந்தைத் தொடர்ந்தவர்களைவிட நிறுத்தியவர்களின் அறிவாற்றலும் அன்றாடத் திறனும் கூடுதலாகச் சரிந்தன. அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா, நிறுத்திப் பார்ப்பதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டோனெபெசில் உடம்பை விட்டு முழுதாக வெளியேற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு ‘மாத்திரையால் இல்லை’ என்று முடிவு கட்டுவதும் தவறு.

வீட்டார் செய்யக்கூடியது, காலத்தைக் குறித்து வைப்பது. அல்சைமர் நோயில் சிறுநீர்க் கட்டுப்பாடு போவது பொதுவாக நோய் நன்றாக முற்றிய பிறகு. தொடக்க நிலையிலேயே போனால் வேறு காரணம் தேட வேண்டும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் போனால் சந்தேகம் மாத்திரை மேல். மறதியோடு, காலைத் தரையிலிருந்து பெயர்க்க முடியாத நடையும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். 1965இல் சாலமன் ஹக்கீமும் ரேமண்ட் ஆடம்ஸும் விவரித்த நோய் அது; அறுவைச் சிகிச்சையால் பலருக்கு நிலைமை மேம்படும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கட்டுப்பாடில்லாத சர்க்கரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் எல்லாமும் பட்டியலில் உண்டு. சில சமயம் பையில் எந்தக் கோளாறும் இருக்காது. கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும், ராத்திரி விளக்கு இருக்காது, நாடா முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டு மணிக்கொருதரம் நாமே கூப்பிட்டு அழைத்துப் போய் உட்கார வைத்தால் உடை நனைவது குறைகிறது என்பதை அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகள் 1980களிலிருந்தே காட்டியிருக்கின்றன. மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியது இது. இதில் மறைந்திருக்கும் செலவு, கூப்பிடுகிறவரின் தூக்கமும் முதுகும். நம் வீடுகளில் பெரும்பாலும் மருமகளுடையது அல்லது மகளுடையது.

அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் சிறுநீர்ப் பைக்கு மட்டும் தரப்படுபவை அல்ல. சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமின், கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடில் எல்லாம் இந்தக் குலம்தான். இவற்றில் பலவற்றைச் சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிவிடுகிறோம். இன்னொரு பக்கம், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும், வீக்கத்துக்கு நீர்பிரியும் மாத்திரை எழுதப்படும், அந்த மாத்திரையால் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டிவரும். அப்புறம் சிறுநீர்ப் பைக்கு ஒரு மாத்திரை.

ஆகவே, மறதி நோயுள்ள பெரியவரை அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், சளி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் எந்த மாதம் தொடங்கியது, சிறுநீர்த் தொல்லை எந்த மாதம் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு மருந்து எழுதப் பேனாவை எடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: “டாக்டர், இந்தத் தொந்தரவு இதில் ஏதாவது ஒரு மாத்திரையால் வந்திருக்குமா?”